சரிவில் நிற்கும் பாறை

மாமல்லபுரத்தில் ஒரு வழுக்குப்பாறைச் சரிவின் மேல் உருண்டைக் கருங்கல் ஒன்று நிற்கிறது. உயரம் சுமார் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர். எடை 250 டன் இருக்கும் என்பது கணிப்பு. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று பெயர் பெற்ற இந்தக் கல்லை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. பெரும்பாறை ஒன்றின் விரிசல்களுக்குள் நீர் புகுந்து, மூலைகள் மழுங்கி, சுற்றியிருந்தது எல்லாம் உதிர்ந்துபோனபின் மிஞ்சிய உருண்டை இது. வருகிறவர்கள் அதன் அடியில் போய் நின்று, இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடிப்பதுபோலப் படம் எடுத்துக்கொள்வார்கள். படத்தின் வேடிக்கையே கல் இப்போது உருண்டுவிடும் என்று தோன்றுவதில்தான் இருக்கிறது.

கல்லைவிட அதன் பக்கத்தில் நடப்பதுதான் கவனிக்கவேண்டியது. அதே பாறைச் சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். பல தலைமுறைப் பிள்ளைகளின் துணி உரசி உரசி அந்தத் தடம் மெழுகிவிட்டதுபோல் வழவழப்பாகியிருக்கிறது. 20 கிலோ எடையுள்ள பிள்ளை சர்ரென்று கீழே வந்துவிடுகிறது. 250 டன் கல் அசையாமல் நிற்கிறது. கனமான பொருளைப் பூமி இன்னும் பலமாகத்தானே கீழே இழுக்கவேண்டும்? அப்படியானால் முதலில் நழுவவேண்டியது கல் அல்லவா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு விசைகள் இருக்கின்றன. ஒன்று ஈர்ப்பு, மற்றொன்று உராய்வு. இரண்டும் பள்ளிப் பாடத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தாலும் குணத்தில் எதிரெதிரானவை. ஈர்ப்பின் விதியை இரண்டு வரியில் எழுதிவிடலாம். கிரகணம் எந்த நிமிடத்தில் தொடங்கும் என்பதுவரை அது சரியாகச் சொல்லும். உராய்வுக்கு அப்படிப்பட்ட விதி கிடையாது. இந்தக் கட்டையும் அந்தப் பலகையும் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதை, இரண்டையும் உரசிப் பார்த்துத்தான் சொல்லமுடியும். வானத்துச் சந்திரனைப் பற்றி இருக்கும் நிச்சயம் காலடிச் செருப்பைப் பற்றி இல்லை என்பது இயற்பியலின் விசித்திரங்களில் ஒன்று.

முதலில் ஈர்ப்பு. தேங்காய் தொப்பென்று விழுகிறது, காய்ந்த இலை ஆடி ஆடி இறங்குகிறது. இதைப் பார்த்தவர்கள் கனமானது வேகமாக விழும் என்று நினைத்ததில் தப்பில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கருத்தும் அதுவே. ஐரோப்பாவில் அது பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது. இத்தாலியின் கலிலியோ அதை ஒரு கேள்வியால் மடக்கினார். பெரிய கல் வேகமாகவும் சின்னக் கல் மெதுவாகவும் விழும் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? சின்னது பெரியதைப் பிடித்து இழுக்கும், அதனால் வேகம் குறையவேண்டும். ஆனால் கட்டிய மூட்டை பெரிய கல்லைவிடக் கனமானது, அதனால் வேகம் கூடவும் வேண்டும். ஒரே மூட்டை மெதுவாகவும் வேகமாகவும் விழமுடியாது. ஆகவே எல்லாம் ஒரே வேகத்தில்தான் விழவேண்டும்.

வாதம் மட்டும் போதாது, அளந்து காட்டவேண்டும். பைசா நகரின் சாய்ந்த கோபுரத்திலிருந்து அவர் குண்டுகளைப் போட்டதாகச் சொல்லப்படும் கதையைப் பல வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. அவர் உண்மையில் செய்தது அதைவிடச் சாமர்த்தியமானது. நேராக விழும் பொருள் கண் இமைப்பதற்குள் தரையைத் தொட்டுவிடுகிறது. அந்தக் காலத்தில் வினாடிக் கடிகாரம் இல்லை. எனவே விழுவதை அவர் மெதுவாக்கினார். சுமார் 7 மீட்டர் நீளமுள்ள மரச்சட்டத்தில் பள்ளம் செதுக்கி, அதற்குள் வழவழப்பான தோல்தாளை ஒட்டி, ஒரு முனையைச் சற்றே உயர்த்தி, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகும் நீரைப் பிடித்து நிறுத்தால் அதுவே நேரத்தின் அளவு. முதல் கண நேரத்தில் குண்டு ஒரு பங்கு தூரம் போனால் அடுத்ததில் 3 பங்கு, அதற்கடுத்ததில் 5, பிறகு 7. வேகம் ஒரே சீராக ஏறிக்கொண்டே போகிறது என்று இதற்குப் பொருள். இந்தச் சீரான வேக ஏற்றத்துக்கு முடுக்கம் என்று பெயர். சோதனையை நூறு முறை செய்ததாக 1638இல் வெளிவந்த நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தத் தோல்தாள் எதற்கு என்பதைக் கவனிக்கவேண்டும். உராய்வைக் குறைப்பதற்காக. ஈர்ப்பு என்ன செய்கிறது என்று தெரிய, உராய்வைப் பிடித்து வெளியே தள்ளவேண்டியிருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்காலம் அரிஸ்டாட்டிலை யாரும் வெல்ல முடியாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: தள்ளினால்தான் வண்டி போகும், விட்டால் நின்றுவிடும் என்றுதான் உராய்வு நிறைந்த உலகம் எல்லோருக்கும் தினமும் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரே முடுக்கத்தில் விழுவதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, நிறை, எடை என்ற இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது நிறை. அந்தச் சரக்கைப் பூமி இழுக்கும் விசை எடை. (இது தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. இலங்கைப் பாடநூல்களில் முதலாவதற்குத் திணிவு என்று பெயர். நிறை என்பது அங்கே இரண்டாவதைக் குறிக்கும். கடல் கடந்து பாடம் படிப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம்.) தராசு ஒரு தட்டை மற்றத் தட்டோடு ஒப்பிடுகிறது, நிலவுக்குக் கொண்டுபோனாலும் அது அதே கிலோவைக் காட்டும். சுருள்வில் தராசு இழுவிசையை அளக்கிறது. நிலவில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத்தான் காட்டும்.

நிறைக்கு இன்னொரு குணமும் உண்டு. நின்றால் நின்றபடி, போனால் போனபடி இருக்கவே அது விரும்பும். அசைக்கப் பார்த்தால் முரண்டு பிடிக்கும். இதற்கு நிலைமம் என்று பெயர். நிறை இரண்டு மடங்கானால் பூமியின் இழுப்பும் இரண்டு மடங்காகும், முரண்டும் இரண்டு மடங்காகும். வண்டியில் பாரத்தை இரட்டிப்பாக்கியவர் மாட்டையும் இரட்டிப்பாகப் பூட்டியது மாதிரி. வண்டி பழைய வேகத்திலேயே போகும். 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15இன் தளபதி டேவிட் ஸ்காட், காற்றே இல்லாத நிலவில் நின்று ஒரு கையிலிருந்து சுத்தியலையும் மறு கையிலிருந்து வல்லூற்றின் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே மண்ணைத் தொட்டன. இங்கே இலை ஆடி ஆடி இறங்குவது காற்று தடுப்பதால்தான். அதுவும் ஒருவகையில் உராய்வின் உறவினர்.

கீழே விழுவதும் வானத்தில் சுற்றுவதும் ஒரே விசையின் வேலை என்று காட்டியவர் நியூட்டன். அவருடைய பெருநூல் 1687இல் வெளிவந்தது. அதிலுள்ள கணக்குகளில் ஒன்று எளிமையிலேயே அழகானது. பூமியின் மையத்திலிருந்து தரை இருக்கும் தூரத்தைப்போல் சுமார் 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது நிலவு. தூரம் கூடக் கூட ஈர்ப்பு அந்தத் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையுமானால், நிலவில் பூமியின் இழுப்பு 60ஐ 60ஆல் பெருக்கி வரும் 3,600இல் ஒரு பங்காக இருக்கவேண்டும். இங்கே விடப்பட்ட கல் முதல் வினாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. அதை 3,600ஆல் வகுத்தால் 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிலவு தன் நேர்ப்பாதையை விட்டு ஒரு வினாடியில் பூமியை நோக்கி வளையும் அளவும் அதுவே. நிலவு விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் அது போகும் வேகத்தால் தரையைத் தொடாமல் தப்பிக்கொண்டும் இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் மிதப்பதும் இப்படித்தான். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. நிலையமும் அவர்களும் சேர்ந்து விழுவதால் ஒன்றன்மேல் ஒன்று அழுத்துவதில்லை, அவ்வளவுதான்.

பூமி மட்டுமல்ல, எந்தப் பொருளும் எந்தப் பொருளையும் ஈர்க்கும் என்பது இந்த விதியின் மறுபாதி. இதை அறைக்குள் பிடித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ். தலா 158 கிலோ ஈயக்குண்டுகள் இரண்டு. அவற்றின் அருகே, மெல்லிய கம்பியில் தொங்கும் சட்டத்தின் முனைகளில் தலா முக்கால் கிலோ அளவில் இரண்டு சிறு குண்டுகள். பெரியவை சிறியவற்றை இழுக்கும்போது கம்பி மிக மிகச் சிறிதளவு முறுக்கிக்கொள்ளும். ஆள் பக்கத்தில் நின்றால் உடம்புச் சூட்டில் எழும் காற்றோட்டமே சட்டத்தை ஆட்டிவிடும் என்பதால், அறையைப் பூட்டிவிட்டு வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். 1798இல் அவர் சொன்ன விடை: பூமி முழுவதையும் சராசரியாக எடுத்தால் அது நீரைப்போல் 5.48 மடங்கு அடர்த்தியானது. இன்றைய அளவு 5.51. தரையில் கிடக்கும் பாறைகள் நீரைப்போல் இரண்டரை, மூன்று மடங்குதான் அடர்த்தி. ஆகவே உள்ளே இரும்புபோல் ஏதோ மிகக் கனமானது இருக்கவேண்டும் என்பது, பூமியைத் தோண்டாமலே தெரிந்துவிட்டது.

பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. துருவத்தைவிட நிலநடுக்கோட்டில் அரை சதவீதம் குறைவு. உள்ளிருக்கும் சரக்கின் ஏற்றத்தாழ்வாலும் அது மாறும். இதில் உலகிலேயே பெரிய பள்ளம் நமக்கு அருகில்தான் இருக்கிறது: இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்புக் குறைந்த ஒரு பெரும்பரப்பு உண்டு. பக்கத்துக் கடல்கள் நீரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால், பூமிக்குக் கணக்கிட்ட சீரான வடிவத்தைவிட அங்கே கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. கப்பலில் போகிறவருக்கு எந்தச் சரிவும் தெரியாது. தொங்கவிட்ட நூலும் நீர்மட்டமும் சேர்ந்தே சாய்வதால், அங்கே மட்டம் என்பதே அதுதான்.

இத்தனை பெரிய வேலைகளைச் செய்யும் ஈர்ப்பு, விசைகளுக்குள் மிக நோஞ்சான். குண்டூசியைக் கீழே இழுப்பது பூமி முழுவதும்; மேலே தூக்கிவிடுவது கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய காந்தத் துண்டு. வெறும் தரை நம்மைத் தாங்குவதும் இதே கதை. காலின் அணுக்களும் தரையின் அணுக்களும் மின்விசையால் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளுகின்றன. பூமியின் மொத்த இழுப்பையும் செருப்பின் அடியிலுள்ள மெல்லிய அணு அடுக்கு எதிர்த்து நின்றுவிடுகிறது. உராய்வும் இந்த மின்விசையின் பிள்ளைதான்.

இனி சரிவுக்கு வரலாம். சமதளத்தில் இருக்கும் கல் தன் எடை முழுவதையும் தரையின் மேல் அழுத்துகிறது. தளத்தைச் சாய்த்தால் எடை இரண்டு வேலைக்குப் பிரிகிறது. ஒரு பகுதி கல்லைத் தளத்தோடு சேர்த்து அழுத்துகிறது. மறு பகுதி சரிவின் வழியே கீழே தள்ளுகிறது. சாய்வு கூடக் கூட அழுத்தும் பகுதி இளைத்து, தள்ளும் பகுதி கொழுக்கிறது. உராய்வு உண்டாவது அழுத்தத்தால். எனவே கல்லைக் கீழே தள்ளுவதும் அதன் எடைதான், அதைப் பிடித்து நிறுத்துவதும் அதன் எடைதான். எடையை நூறு மடங்காக்கினால் தள்ளலும் நூறு மடங்கு, பிடிப்பும் நூறு மடங்கு. யார் வெல்வார் என்பது எடையைப் பொறுத்ததே அல்ல. சாய்வையும் உரசும் பரப்புகளையும் மட்டும் பொறுத்தது.

இதை அடுக்களையிலேயே பார்த்துவிடலாம். ஒரு பலகையின் முனையில் காலியான எவர்சில்வர் டப்பாவை வைத்து, அந்த முனையை மெல்ல மெல்ல உயர்த்தவேண்டும். ஓர் உயரம் வரை டப்பா சும்மா இருக்கும். பிறகு சட்டென்று சறுக்கும். அந்த உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். அடுத்து டப்பாவில் பாதிவரை அரிசி போட்டு மறுபடி உயர்த்தினால், ஏறத்தாழ அதே கோட்டுக்கு அருகில்தான் சறுக்கும். இரண்டு மூன்று முறை செய்தால் குறிகள் சற்று முன்பின் விழும். பலகையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், ஈரம் பட்டிருந்தால், டப்பாவின் அடி கீறலாக இருந்தால் கோடு மாறும். அரிசி கூடியதால் மட்டும் மாறாது. களத்தில் கொட்டிய நெல் சிறு குவியலானாலும் பெருங்குவியலானாலும் ஒரே சாய்வில் நிற்பதற்கும் இதே காரணம்தான். சரிந்து விழாமல் நிற்கும் அந்த எல்லைச் சாய்வுக்கு ஓய்வுக்கோணம் என்று பெயர்.

பிடிப்புக்கும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் உராய்வுக் கெழு எனப்படும். கெழு 0.6 என்றால், 100 கிலோ அழுத்தத்துக்கு 60 கிலோ அளவு பிடிப்பு கிடைக்கும் என்று பொருள். பாறையோடு பாறை உரசும்போது இது எவ்வளவு என்பதை நிலநடுக்கத்தை ஆராய்பவர்கள் விரிவாக அளந்திருக்கிறார்கள். நிலநடுக்கம் என்பதே நிலத்தடியில் பிடித்துக்கொண்டிருந்த பாறைகள் திடீரென நழுவுவதுதானே. அமெரிக்காவின் ஜேம்ஸ் பையர்லி 1978இல் தொகுத்த அளவுகளின்படி, கருங்கல்லானாலும் சுண்ணாம்புக்கல்லானாலும் கெழு பெரும்பாலும் 0.6க்கும் 0.85க்கும் இடையில் வருகிறது. அதாவது பாறைமேல் பாறை 30 பாகை சாய்வு வரைக்கும், சில சமயம் 40 பாகை வரைக்கும்கூட, பசையும் முட்டும் இல்லாமல் நிற்கும். மாமல்லபுரத்துக் கல் நிற்பதில் அதிசயம் இல்லை. அது நழுவியிருந்தால்தான் விளக்கம் தேடவேண்டும். பக்கத்தில் சறுக்கும் பிள்ளைக்கு அமைந்திருப்பதோ, மெழுகிய பாறையின் மேல் பருத்தித் துணி. கெழு அங்கே மிகக் குறைவு. வித்தியாசம் எடையில் இல்லை, கால்சட்டையில் இருக்கிறது.

உருண்டையான கல் நழுவாவிட்டாலும் உருண்டுவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. அதற்குக் கணக்கு வேறு. கல்லின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி ஈர்ப்பு மையம். அங்கிருந்து நேர்கீழாக விட்ட தூக்குநூல், கல் தளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பரப்புக்குள் விழுந்தால் கல் நிற்கும், வெளியே விழுந்தால் கவிழும். தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளியில் நிற்பதுபோல் தெரியும் இந்தக் கல், உண்மையில் ஓரிரு முழம் அகலத்துக்கு அடியில் பதிந்திருக்கிறது.

1908இல், சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி, கல் உருண்டு ஊருக்கு ஆபத்து வரும் என்று அஞ்சி ஏழு யானைகளைப் பூட்டி இழுக்கச் சொன்னதாகவும், கல் அசையவில்லை என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, கணக்கு சுவையானது. சரிவு 20 பாகை என்று வைத்துக்கொண்டால், கல்லைக் கீழே தள்ளும் பகுதி சுமார் 85 டன்; தளத்தில் அழுத்தும் பகுதி 235 டன். கெழு 0.6 என்றால் பிடிப்பின் எல்லை 141 டன். யானைகள் 56 டன் அளவுக்குக் கூடுதலாக இழுத்தால்தான் கல் நழுவும். யானை எவ்வளவு இழுக்கும் என்பது அதன் தசையை மட்டும் பொறுத்ததல்ல. அதன் காலடிக்கும் தரைக்கும் உள்ள உராய்வையும் பொறுத்தது. தலைக்கு 4 டன் என்றால் ஏழு யானைகளின் மொத்த எடையே 28 டன். காலடியின் கெழு ஒன்றாகவே இருந்தாலும் 28 டன்னுக்கு மேல் இழுக்க முயன்றால் வழுக்குவது கல் அல்ல, யானை. கயிற்றை உச்சியில் கட்டிக் கவிழ்க்கப் பார்த்திருந்தால் கணக்கு யானைகளுக்குச் சாதகமாக மாறியிருக்கலாம். கல்லின் அதிர்ஷ்டம்.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. பிடிப்பின் எல்லை 141 டன் என்றால், உராய்வு எப்போதும் 141 டன்னால் பிடித்துக்கொண்டிருப்பதாகப் பொருளல்ல. தள்ளல் 85 என்றால் பிடிப்பும் 85தான். கயிறிழுப்பில் ஓர் அசட்டையான பலசாலி, எதிராளி இழுக்கும் அளவுக்கு மட்டும் இழுத்துக்கொண்டு, தன் பலத்தின் எல்லை வரைக்கும் ஈடுகொடுப்பதுபோல. இது நிலை உராய்வு. எல்லை தாண்டி நழுவத் தொடங்கியபின் இருப்பது இயக்க உராய்வு. பெரும்பாலும் அது சற்றுக் குறைவு. பீரோவை நகர்த்தும்போது முதல் அசைவுக்குத்தான் மூச்சுமுட்டும், கிளம்பிவிட்டால் போய்க்கொண்டிருக்கும். பிரேக்கை அழுத்தமாக மிதித்துச் சக்கரம் நின்றுபோனால் வண்டி சறுக்கிக்கொண்டே போவதும் இதனால்தான். உருளும் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் தரை மேல் நழுவுவதில்லை, கால் ஊன்றி ஊன்றி நடப்பதுபோல் பதிந்து எழுகிறது. ஆகவே சக்கரத்தைப் பூட்டவிடாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும் பிரேக் அமைப்பு நிலை உராய்வின் கூடுதல் பிடிப்பைக் கைவிடுவதில்லை.

உராய்வை முதலில் முறையாக அளந்தவர் லியோனார்டோ டா வின்சி. 1493ஐ ஒட்டி எழுதிய குறிப்பேட்டுத் தாள் ஒன்றில், கட்டைகளைக் கயிற்றில் கட்டி, கப்பியில் எடை தொங்கவிட்டு இழுக்கும் சிறு படங்களை வரைந்திருக்கிறார். அவர் அதை வெளியிடவில்லை. இருநூறு ஆண்டு கழித்து, 1699இல், பிரான்சின் கியோம் அமோந்தோன் அதே விதிகளைத் தானாகவே கண்டுபிடித்தார். உராய்வு அழுத்தத்துக்கு ஏற்பக் கூடும்; ஆனால் தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து மாறாது. முதலாவதை யாரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது நம்பும்படியாகவா இருக்கிறது? பிரெஞ்சு அகாதெமியிலும் ஐயம் எழுந்தது. ஒரு செங்கல்லைக் கயிறு கட்டிச் சுருள்வில் தராசால் தரையில் இழுத்தால், படுக்கையாக வைத்தாலும் பக்கவாட்டில் நிறுத்தினாலும் தராசு ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும். விதி உண்மைதான். அதற்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று.

பழைய விளக்கம், பரப்புகள் சொரசொரப்பாக இருப்பதால் மேடும் பள்ளமும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்கின்றன என்பது. அப்படியானால் தேய்க்கத் தேய்க்க உராய்வு குறைந்துகொண்டே போகவேண்டும். ஓர் எல்லை வரை குறையும். அதன்பின் கண்ணாடிபோல் மெருகேற்றிய, அழுக்கற்ற உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். மேலும், மேட்டில் ஏற உழைத்த உழைப்பு பள்ளத்தில் இறங்கும்போது திரும்பக் கிடைக்கவேண்டும். ஆனால் உராய்வில் போனது போனதுதான், சூடாகக் கரைகிறது. 1798இல், கேவண்டிஷ் தன் அளவை வெளியிட்ட அதே ஆண்டில், மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் துளைக்கும்போது எழும் சூட்டால் தண்ணீரைக் கொதிக்கவைத்த சோதனையைக் கவுண்ட் ரம்ஃபர்டு வெளியிட்டார். அடுப்பில்லாமல் தண்ணீர் கொதித்ததைக் கண்டவர்கள் திகைத்துப் போனார்களாம்.

சரியான படம் கேம்பிரிட்ஜில் ஃபிராங்க் பவுடன், டேவிட் டேபர் இருவரின் ஆய்வில் கிடைத்தது. இரண்டு பலாப்பழங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை முள்ளின் நுனிகளில் மட்டும் தொடும். நடுவில் எல்லாம் காற்று. எவ்வளவு மெருகேற்றினாலும் உலோகப் பரப்பும் அணு அளவில் பலாப்பழம்தான். மேலிருந்து அழுத்தினால் நுனிகள் நசுங்கித் தட்டையாகும், புதிய நுனிகளும் வந்து தொடும். உண்மையில் தொடும் பரப்பு அழுத்தத்துக்கு ஏற்ப வளர்கிறது. செங்கல்லைப் படுக்கவைத்தால் தொடும் நுனிகள் நிறைய, ஒவ்வொன்றிலும் அழுத்தம் குறைவு. நிறுத்திவைத்தால் நுனிகள் குறைவு, ஒவ்வொன்றும் அதிகமாக நசுங்குகிறது. கூட்டிப் பார்த்தால் உண்மைத் தொடுபரப்பு ஒன்றே. நசுங்கிய இடங்களில் இருபக்க அணுக்களும் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டுகளை அறுக்கத் தேவைப்படும் விசையே உராய்வு.

கண்ணுக்குத் தெரியாத இந்தத் தொடுபரப்பை எப்படி அளந்தார்கள்? 1930களின் இறுதியில் அவர்கள் இரு உலோகப் பரப்புகளின் ஊடே மின்சாரம் செலுத்தினார்கள். முழுப் பரப்பும் தொட்டுக்கொண்டிருந்தால் மின்சாரம் தாராளமாகப் பாயவேண்டும்; குறுகிய சந்துகள் வழியே நெருக்கியடித்துக்கொண்டு போனால் மின்தடை கூடும். தடை எவ்வளவு என்று பார்த்தால் சந்துகளின் அகலம் தெரிந்துவிடும். எஃகின்மேல் ஒரு கிலோ எஃகை வைத்தால், உண்மையில் தொடும் இடம் ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். பிறகு 1990களில் அமெரிக்க நில அதிர்வு ஆய்வாளர்கள் ஜேம்ஸ் டீட்ரிக்கும் பிரையன் கில்கோரும் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் கட்டிகளைச் சொரசொரப்பாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வெளிச்சம் பாய்ச்சினார்கள். தொடும் இடத்தில் ஒளி நேராகக் கடந்தது, மற்ற இடங்களில் சிதறியது. நுண்ணோக்கியில் தொடுபுள்ளிகள் நட்சத்திரங்கள்போல் மின்னின. காத்திருக்கக் காத்திருக்க அந்தப் புள்ளிகள் மெல்லப் பெருத்தன. நெடுநேரம் ஓரிடத்தில் கிடந்த கட்டையைக் கிளப்புவது கடினம் என்று பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் 18ஆம் நூற்றாண்டிலேயே அளந்து சொல்லியிருந்தார். காரணம் இப்போது கண்ணுக்கே தெரிந்தது.

இந்த ஒட்டுதலைக் காற்றும் ஈரமும் ஆக்சைடு படலமும் எண்ணெயும்தான் இங்கே மட்டுப்படுத்தி வைத்திருக்கின்றன. விண்வெளியில் அந்தக் காவல் இல்லை. 1991 ஏப்ரலில், வியாழனை நோக்கிப் போன ஒரு விண்கலத்தின் பெரிய வானலைத்தட்டு குடைபோல் விரியவேண்டிய நேரத்தில் பாதியில் நின்றுவிட்டது. ஏவுவதற்கு முன் லாரியில் இங்குமங்கும் கொண்டுபோனபோது மசகு தேய்ந்துபோய், சில முனைகள் உராய்வில் சிக்கிக்கொண்டன என்பது ஆய்வாளர்களின் முடிவு. கடைசிவரை அது விரியவே இல்லை. சிறிய வானலைவாங்கியைக் கொண்டே வேலையை முடித்தார்கள். சரிவுச் சட்டத்தில் தோல்தாள் ஒட்டி உராய்வைத் துரத்தியவரின் பெயரைத்தான் அந்தக் கலத்துக்கு வைத்திருந்தார்கள்: கலிலியோ.

உராய்வு தொல்லை மட்டுமே என்று எண்ணுபவர் தன் சட்டையைப் பார்க்கலாம். பருத்தி இழை ஒன்றின் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர். பசை எதுவும் இல்லாமல் அவற்றை முறுக்கி மைல் நீள நூலாக்குவது உராய்வு. முறுக்கிய நூலை இழுத்தால் இழைகள் ஒன்றையொன்று இன்னும் நெருக்கும், பிடிப்பு இன்னும் கூடும். முடிச்சும் ஆணியும் இப்படித்தான் நிற்கின்றன. தேர் ஓடும்போது சக்கரத்தின் முன் முட்டுக்கட்டை போடுகிறவர்கள், பல நூறு பேர் இழுக்கும் தேரை ஒரு மரத்துண்டால் திருப்பவும் நிறுத்தவும் செய்கிறார்கள். சக்கரம் கட்டைமேல் ஏறப் பார்க்கும்போது தேரின் எடையே கட்டையைத் தரையோடு சேர்த்து அழுத்துகிறது. தேர் கனமானால் கட்டையின் பிடிப்பும் கனக்கிறது.

அமோந்தோன் விதிகளுக்கு விலக்கும் உண்டு. ரப்பர் போன்ற மென்மையான பொருள்கள் மேடுபள்ளங்களுக்குள் பிதுங்கி ஏறக்குறைய முழுப் பரப்பையும் தொட்டுவிடுவதால், அங்கே பரப்பு பெரிதானால் பிடிப்பு கூடவே செய்யும். பந்தயக் கார்களின் டயர்கள் அகலமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒட்டுநாடா எடையே இல்லாமல் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பல்லியும் அப்படியே. கல்லும் மரமும் இரும்பும் உரசும் இடங்களில்தான் விதி நன்றாக வேலை செய்கிறது, அதுவும் தோராயமாக.

பிடிப்பு, தள்ளல் இரண்டும் எடையிலிருந்தே வருவதால் இன்னொரு முடிவும் கிடைக்கிறது. நழுவும் கோணம் பொருளின் எடையை மட்டுமல்ல, அந்த ஊரின் ஈர்ப்பையும் பொறுத்ததல்ல. செவ்வாயில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. அங்கே விண்கலங்கள் எடுத்த படங்களில் மணற்குன்றுகளின் சரிவுமுகம் இங்குள்ள பாலைவனக் குன்றுகளைப் போலவே 30 பாகையை ஒட்டி நிற்கிறது. மாமல்லபுரத்துப் பாறையை அடித்தளத்தோடு பெயர்த்து நிலவில் கொண்டுபோய் வைத்தால் அதன் எடை 40 டன்னை ஒட்டி இறங்கிவிடும். ஆனாலும் அதே சாய்வில் அப்படியே நிற்கும். ஏழு யானைகளையும் கூட அழைத்துப்போவதில் பயனில்லை. அவற்றின் காலடிப் பிடிப்பும் ஆறில் ஒரு பங்காகிவிடும்.